மொட்டை மாடியில் மகன், வெளியே பூட்டு!
வயதான பெற்றோரின் ராத்திரிக் கவலை

சென்னை வியாசர்பாடியில் ஒரு சின்ன மாடி வீடு. கீழே ஓய்வு பெற்ற ரெயில்வே தொழிலாளியும் மனைவியும் வசிக்கிறார்கள். மொட்டை மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை. அதில் அவர்களுடைய 38 வயது மகன்!

மகனுக்கு 10 வருஷமாக மனநோய். காதில் யாரோ பேசுவதாகச் சொல்வார். மாத்திரை சாப்பிட்டால் சாது. நிறுத்தினால் தட்டு, டம்ளர் பறக்கும். இரவு 9 மணிக்குச் சோற்றை வைத்துவிட்டு, தகப்பனார் வெளிப்பக்கம் பூட்டி விடுகிறார்.

"வெளியே அனுப்ப மனசு வரலே தம்பி. கூட வச்சிக்கிட்டா தூக்கம் வரலே" என்று கண் கலங்கினார் தாயார்.

ஏர்வாடியை மறக்கலாமா?

தனி அறை கொடுத்தது தப்பில்லை. பூட்டுதான் ஆபத்து. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி ஏர்வாடியில் மனநோயாளிகள் இருந்த கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 28 பேர் செத்தார்கள்.

மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017-ம் ஆண்டு மனநல பராமரிப்புச் சட்டம் அடியோடு தடை செய்கிறது. வீட்டிலேயே கொடுமை நடந்தாலும் போலீசார் மாஜிஸ்திரேட்டிடம் தெரிவிக்க வேண்டும்.

அடிக்கும் பிள்ளை

நோய் ஏதுமில்லாமல், சொத்துக்காகப் பெற்றவர்களை அடிக்கும் பிள்ளைகளும் உண்டு. அவர்கள் சங்கதி வேறு. 60 வயது ஆனவர்கள் 2007-ம் ஆண்டு மூத்த குடிமக்கள் சட்டப்படி ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்கலாம். பெற்றோரின் பாதுகாப்புக்குத் தேவையானால் பிள்ளையை வெளியேற்றவும் உத்தரவிடலாம் என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட்டு கூறியுள்ளது. வீட்டைப் பிள்ளை பெயருக்கு எழுதுவதானால், "கடைசிவரை பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் சேர்ப்பது நல்லது.

"கீழ்ப்பாக்கமா?"

இந்தத் தம்பதிக்கு அது உதவாது. மகன் குற்றவாளி அல்ல, நோயாளி. டாக்டரிடம் காட்டி ஒரு வருஷம் ஆகிறதாம். ஏன்? "கீழ்ப்பாக்கம்னு சொன்னாலே தெருவே சிரிக்குது. பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம்" என்கிறார் தகப்பனார்.

1794-ல் தோன்றிய ஆஸ்பத்திரி அது. போனவர்களை எல்லாம் அடைத்து வைப்பதில்லை. புறநோயாளியாகக் காட்டி, மாத்திரை வாங்கிக் கொண்டு வீடு திரும்பலாம். நோய் முற்றி மகன் வர மறுத்தால், குடும்பத்தார் மனு கொடுத்து, டாக்டர்கள் பரிசோதித்து, சட்டப்படி சேர்க்கவும் வழி உண்டு.

தெருவுக்குப் பயப்படுகிறவர்கள் முதலில் டெலிபோனில் கேட்கலாம். நம்பர் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம். தமிழிலேயே பேசலாம்.