லிப்போ பற்றரி: சார்ஜ் போடுமுன் அறிய வேண்டியவை

ரிமோட் விமானம் விழுந்து உடைந்தால் காசோடு போகும். சார்ஜில் இருக்கும் அதன் பற்றரி தீப்பிடித்தால் வீடே போகக்கூடும். பலகைத் தட்டும் ஒட்டிய சுவருமாக வீடுகள் நெருங்கி நிற்கும் கண்டி நகருக்குள், பக்கத்து வீட்டுக்கும் அதே ஆபத்துத்தான்.

ஆபத்து எங்கே?

லிப்போ எனப்படும் லித்தியம் பொலிமர் பற்றரிக்குள் எரியக்கூடிய திரவம் உண்டு. ஒரு செல் நிறைந்தால் 4.2 வோல்ட். அதற்கு மேல் ஏற்றினால் செல் சூடேறி வீங்கும். தீப்பிடித்தால் பக்கத்துச் செல்லையும் பற்றவைக்கும். கைபேசிப் பற்றரியில் இருக்கும் பாதுகாப்புச் சுற்று இதில் பெரும்பாலும் கிடையாது. ஆகவே சார்ஜரைச் சரியாக அமைப்பது உங்கள் பொறுப்பு.

'3எஸ் 2200 எம்ஏஎச் 25சி' என்ற லேபிளைப் பாருங்கள். 3எஸ் என்றால் மூன்று செல். 25சி என்பதைச் சார்ஜ் வேகம் என்று புதியவர்கள் எண்ணிவிடுவதுண்டு. அது பறக்கும்போது பற்றரி மின்சாரம் கொடுக்கும் வேகம். சார்ஜுக்கு 1சி, அதாவது கொள்ளளவுக்குச் சமமான வேகம், போதும்: 2200 எம்ஏஎச் கொள்ளளவுள்ள இந்தப் பற்றரிக்கு 2.2 அம்பியர்.

செய்ய வேண்டியவை

* சார்ஜரில் 'லிப்போ' வகையையும் செல் எண்ணிக்கையையும் சரிபாருங்கள். நிக்கல் பற்றரிக்கான முறையில் ஒருபோதும் போடாதீர்கள்.
* செல்களைச் சமமாக ஏற்றும் சிறிய வெள்ளை பலன்ஸ் வயரையும் செருகுங்கள்.
* சீமெந்துத் தரையில் வைத்துப் போடுங்கள். மெத்தை, மரமேசை, கார் இருக்கை வேண்டாம். ஒரு வாளி மணல் பக்கத்தில் இருக்கட்டும்.
* வீங்கியதையும் விழுந்து நசுங்கியதையும் சார்ஜில் போடாதீர்கள். பறந்து வந்த பற்றரியின் சூடு ஆறட்டும்.
* சில நாள் பறக்கவிடாவிட்டால், செல்லுக்குச் சுமார் 3.8 வோல்ட் அளவில் வையுங்கள்.

தீப்பிடித்தால்

புகை நச்சு. எட்டினால் மட்டும் சுவிட்சை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியேறுங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்சுக்கு 1990. தீக்காயத்தில் பற்பசை பூசாமல், ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடித்துவிட்டு வைத்தியசாலைக்குப் போங்கள்.

உங்கள் உரிமை

புதிய பற்றரி வீங்கினாலோ, சார்ஜர் சொன்னபடி வேலை செய்யாவிட்டாலோ கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியதில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டு கொடுப்பது வியாபாரியின் கடமை. தீர்வு கிடைக்காவிட்டால், வாங்கி மூன்று மாதத்துக்குள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். 1977 என்ற எண்ணுக்கு அழைத்தும் விசாரிக்கலாம். பழுதான பற்றரியின் படம், பற்றுச்சீட்டு, உத்தரவாத அட்டை மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். இணையத்தில் வாங்குவதானால் விற்பவரின் பெயர், முகவரி, விளம்பரம் ஆகியவற்றைப் பணம் அனுப்புமுன்பே சேமித்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டு உறவினர் விமானத்தில் கொண்டுவருவதானால், தனிப் பற்றரியைக் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். சரக்குப் பெட்டியில் போடத் தடை. பொதுவான வரம்பு 100 வாட்-மணி. மேற்சொன்ன பற்றரி 25க்கும் குறைவு. விமானத்தில் இந்த ஆபத்துக்கு ஒரு உதாரணம்: 2010 செப்டெம்பர் 3இல் துபாயில் லித்தியம் பற்றரிகளையும் ஏற்றிச்சென்ற யூபிஎஸ் சரக்கு விமானம் தீப்பிடித்து விழுந்து, விமானிகள் இருவரும் இறந்தார்கள்.

பழுதான பற்றரியைக் குப்பையோடு சேர்த்துக் கொஹாகொடைக் குப்பைமேட்டுக்கு அனுப்பாதீர்கள். இலத்திரனியல் கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: சார்ஜ் ஏறி முடியும்வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகும் பழக்கம் இந்தப் பற்றரிக்கு ஆகாது.