புனித ஜார்ஜ் கோட்டைப் பட்டுக்கொடி: காட்சியும் காப்பும்

இராயபுரத்திற்குத் தெற்கே, சென்னைத் துறைமுகத்தை அடுத்துள்ள புனித ஜார்ஜ் கோட்டையில் 1947 ஆகஸ்ட் 15 அன்று ஏற்றப்பட்ட தேசியக்கொடி, அங்குள்ள இந்தியத் தொல்லியல் துறை அருங்காட்சியகத்தில் பேணப்படுகிறது. சுமார் 12 அடி நீளமும் 8 அடி அகலமும் கொண்ட இப்பட்டுக்கொடி, 2013 முதல் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

பட்டிழை ஃபைப்ரோயின் என்னும் புரதத்தால் ஆனது. ஒளி, குறிப்பாகப் புற ஊதாக்கதிர், அப்புரதச் சங்கிலிகளை அறுப்பதால் இழை மஞ்சளித்து நொறுங்குகிறது. இச்சேதம் மீளாதது, ஒளிபடும் ஒவ்வொரு மணிநேரமும் முந்தையதோடு கூடுகிறது. ஆகவே துணிப்பொருள்களுக்கு 50 லக்சுக்கு மேற்படாத ஒளியே பரிந்துரைக்கப்படுகிறது. கடலோர ஈரப்பதம் பூஞ்சைக்கு இடமளிக்கிறது. மூடிய கண்ணாடிப் பேழையும் சிலிகா ஜெல்லும் அதனைக் கட்டுப்படுத்துவன. எனினும் ஈரம் நிறைந்த ஜெல்லை உரிய காலத்தில் உலர்த்தாவிடில் பயனில்லை. செங்குத்தாகத் தொங்கவிடின் கொடியின் எடையே நலிந்த இழைகளைக் கிழிக்கும். சமதளத் தாங்கலே ஏற்றது.

மக்கள் காண்பதற்கே கொடி காக்கப்படுகிறது. காண உதவும் ஒளியே அதனைச் சிதைக்கிறது. பார்வையாளர் நிற்கும்போது மட்டும் எரியும் விளக்கு இம்முரணை நீக்குவதில்லை. ஆனால் கொடியின் ஆயுளை நீட்டிக்கிறது.