முட்டைக்குள் முறிந்த வரிசைகள்

அதியன்னூர்ப் பக்கத்துப் பழக்கடைகளில் கனிந்த ஏத்தன் குலையைச் சுற்றிப் பறக்கும் சிவந்த கண் ஈ பெரும்பாலும் ட்ரோசோஃபிலாவாக இருக்கும். மாங்காயையும் பாகற்காயையும் துளைத்துக் கெடுக்கும் ஈ வேறு. ட்ரோசோஃபிலா 3 மில்லிமீட்டர்கூட வராது. முட்டையிட்டு ஒரே நாளில் புழு வெளிவந்துவிடும்.

அந்த ஒரு நாளுக்குள் தலை எங்கே, வால் எங்கே, நடுவில் எத்தனை கண்டம் என்பதை முட்டைக்குள் எது தீர்மானிக்கிறது? 1970களின் இறுதியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் கிறிஸ்டியானே நுஸ்லைன்-ஃபோல்ஹார்டும் எரிக் வீஷௌஸும் இதற்கு விடை தேடினார்கள். எந்த ஃபியூஸ் எந்த அறைக்கு என்று தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்ப்போமே, அந்த வழிதான்.

சர்க்கரைத் தண்ணீரில் மரபணுக்களைப் பழுதாக்கும் ஈ.எம்.எஸ். என்ற வேதிப்பொருளைக் கலந்து ஆண் ஈக்களுக்குக் கொடுத்தார்கள். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று மட்டும் பழுதானால் பெரும்பாலும் வெளியே தெரியாது. அதனால் ஒவ்வொரு வம்சத்தையும் தனியே வளர்த்து, உடன்பிறந்த ஈக்களையே இணைசேர்த்து, கால்பங்கு முட்டை பொரியாதவற்றைப் பிரித்தெடுத்தார்கள். ஏறத்தாழ 27,000 வம்சங்கள்! செத்த கருக்களின் தோலை இருவரும் ஒரே நுண்ணோக்கியில் சேர்ந்து பார்த்தார்கள். புழுவின் வயிற்றில் நுண்முட்கள் பட்டை பட்டையாக இருக்கும். ஒரு கருவில் நடுப்பட்டைகள் மொத்தமாகக் காணோம். இன்னொன்றில் ஒன்றுவிட்டு ஒன்று இல்லை. வேறொன்றில் பட்டைகளுக்கு நடுவே இருக்கவேண்டிய வழுவழுப்பு போய் வயிறு முழுக்க முள். அந்த மரபணுவுக்கு 'ஹெட்ஜ்ஹாக்', அதாவது முள்ளெலி என்று பெயரிட்டார்கள். அதன் உறவு மரபணு மனிதக் கருவில் மூளை இரு பாதியாகப் பிரியவும் விரல்கள் வரிசைப்படவும் தேவைப்படுகிறது.

1980இல் 15 மரபணுக்களை அறிவித்த கட்டுரை 'நேச்சர்' இதழில் வந்தது. 1995இல் எட்வர்ட் லூயிஸுடன் சேர்த்து நோபல் பரிசு.

எந்த மரபணு முக்கியம் என்பதை இந்த முறையில் ஈயே சொல்லிவிடும். எதைக் கவனிப்பது என்ற தேர்வுதான் ஆய்வாளருடையது, அதில்தான் அவர் திறமை தெரியும் என்று நினைக்கிறேன்.

அதே 1970களில் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் ஒபைத் சித்திகியும் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும் சுவையையும் மோப்பத்தையும் தேர்ந்தெடுத்தார்கள். ஈக்குக் காலிலும் சுவை தெரியும். பசித்த ஈயின் காலில் சர்க்கரை நீர் பட்டால் உறிஞ்சுகுழலை நீட்டும். நீட்டாத ஈ கிடைத்தால் அதில் எந்த மரபணு பழுது என்று தேடலாம். 1978இல் இருவரும் சுவை, மோப்பம் பிறழ்ந்த ஈக்களைப் பற்றி எழுதினார்கள். 1981இல் ஒருவகைச் சர்க்கரையை உணரும் ஏற்பி பழுதான ஈயை விவரித்தார்கள். மோப்ப நரம்புகள் வளரும்போதே தம் இடத்தை எப்படிக் கண்டடைகின்றன என்ற கேள்விக்குப் பின்னாளில் வந்து சேர்ந்தார் வெரோனிகா. ஹைடல்பெர்க் கருக்களில் கண்ட மரபணுக்கள் சில அங்கேயும் வேலை செய்கின்றன.