சரமும் நீளமும்

திருவண்ணாமலைத் திருக்கோயிலின் முன்னுள்ள தெருவிலே பூத்தொடுப்போர் அமர்ந்திருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்கள் தொடுக்கும் மல்லிகை ஒன்றே, நாரும் ஒன்றே. ஆயினும் ஒரு முழச் சரம் மகளிர் கூந்தலுக்கு ஆகிறது; நீண்ட மாலை இறைவன் திருமேனிக்கு ஆகிறது. பூ மாறவில்லை, தொடுத்த நீளமே பயனை மாற்றிற்று. வேதியியல் உலகிலும் இத்தகைய சரம் ஒன்று உண்டு. அதன் பெயர் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்பதாகும்.

கரி, ஹைட்ரஜன், ஆக்சிஜன் ஆகிய மூன்று தனிமங்களால் ஆன சிறு கண்ணி ஒன்று, மீண்டும் மீண்டும் இணைந்து இப்பொருளாகிறது. இதன் பெயருக்குப் பின் ஓர் எண்ணை எழுதுவர். அது மூலக்கூறுகளின் சராசரி எடையைக் குறிக்கும். எண் 400 ஆயின், அது தெளிந்த நீர்மம்; 6000 ஆயின், மெழுகு போன்ற வெண்ணிறத் திண்மம். இரண்டும் நீரில் எளிதிற் கரையும். நீரைத் தம்பாற் பற்றிக்கொள்ளும். இவ்வியல்பே இதன் பயன்கள் பலவற்றுக்கும் அடிப்படையாகும்.

முதலில் மருந்தகத்துக்குச் செல்வோம். நீரில் கரையாத மருந்துகள் சிலவற்றைக் கரைப்பதற்குக் குறுகிய சரங்கள் உதவுகின்றன. களிம்புகளிலும் இப்பொருள் சேர்கிறது. எண் 3350 உடைய சரம் மலச்சிக்கலுக்கு மருந்தாகும். அது குடலில் பெரும்பாலும் உட்கொள்ளப்படாமல், நீரைப் பற்றிக்கொண்டே சென்று மலத்தை இளக்குகிறது.

இதனினும் வியத்தகு பயன் ஒன்று உண்டு. புரதத்தாலான மருந்துகள் சில, ஊசி வழியே உடலுட் சென்றதும் சிறுநீரகத்தால் விரைவில் வெளியேற்றப்படும். அப்புரதத்தோடு நீண்ட சரம் ஒன்றைப் பிணைத்தால், அது நீரைப் போர்வையாகச் சுற்றிக்கொண்டு உருவிற் பெருக்கும்; எனவே, மருந்து நெடுநேரம் குருதியில் தங்கும். அமெரிக்க அறிஞர் பிராங்க் டேவிசும் அவர்தம் குழுவினரும் 1970-களில் இம்முறையை வகுத்தனர். பிறவியிலேயே நோய் எதிர்ப்பாற்றல் குன்றிய குழந்தைகளுக்கான இத்தகைய மருந்தொன்றுக்கு 1990-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. வெள்ளணுக்களைப் பெருக்கும் மருந்தொன்றைப் புற்றுநோயாளர் நாள்தோறும் ஊசியாக ஏற்றிக்கொள்ள நேர்ந்தது. சரம் பிணைத்த பின்னர், ஒரு சிகிச்சைச் சுற்றுக்கு ஓர் ஊசியே போதுமானதாயிற்று.

இனி வயலுக்குத் திரும்புவோம். திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய ஆய்வு மையம் உள்ளது. இம்மாவட்டத்துச் சவ்வாது மலையில் விளையும் சாமை வானம் பார்த்த பயிர். மழை பொய்த்தாலும் எவ்விதை தாங்கும் என்பதை, உழவன் விதைப்பதற்கு முன்பே அறிதல் இயலுமா? ஆய்வுக்கூடத்திலேயே வறட்சியை உண்டாக்க வேண்டும். அதற்கு உலகெங்கும் ஆய்வாளர் கையாளும் பொருள் எண் 6000 உடைய சரமே ஆகும்.

அதனைக் கரைத்த நீரில் விதையை இட்டால், சுற்றிலும் நீர் இருந்தும் வேர் விடாய் கொள்ளும். ஏன்? சரம் நீரைப் பற்றிக்கொள்கிறது. உருவிற் பெரியதாதலால் வேரின் உயிரணுச் சுவரைக் கடந்து உட்புகுவதுமில்லை. உப்பைக் கரைத்தால், அது வேருக்குள் நுழைந்து நஞ்சாகும். வறட்சியின் தீங்கு எது, உப்பின் தீங்கு எது என்று பிரித்தறிய முடியாது. இச்சரத்தை எவ்வளவு கரைத்தால் எத்துணை வறட்சி உண்டாகும் என்பதை மிச்செல், காப்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1973-இல் அளந்து கணித்தனர். இச்சோதனையில் தேறிய விதைகள் பின்னர் வயலிலும் சோதிக்கப்பட வேண்டும். முடிவான தீர்ப்பு மண்ணுடையதே.

மாணவர்களே, இத்துணை நலம் பயக்கும் சரம் இரண்டே கண்ணிகளில் நின்றுவிட்டால் என்னாகும்? அதுவே டைஎத்திலீன் கிளைக்கால் என்னும் கொடிய நஞ்சு. அது நிறமற்றது, இனிப்புச் சுவை உடையது, ஆதலின் கண்ணாலும் நாவாலும் அதனை இனங்காண இயலாது. 1937-இல் அமெரிக்காவில் இதிற் கரைத்த மருந்தை உண்டு நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மருந்தை விற்குமுன் அது தீங்கற்றது எனக் காட்டவேண்டும் என்னும் சட்டம் மறு ஆண்டே அங்கு எழுந்தது. ஆயினும் 2025-இல், நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் செய்யப்பட்ட இருமல் மருந்தொன்றை உண்டு, மத்தியப் பிரதேசத்தில் இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து உயிர்நீத்தனர். அம்மருந்தில் இந்நஞ்சு 48.6 விழுக்காடு இருந்ததென அரசின் ஆய்வு காட்டிற்று. கரைப்பானை முறையாகச் சோதித்திருந்தால் அப்பிள்ளைகள் இன்று பள்ளி சென்றிருப்பர் அன்றோ?

கண்ணி ஒன்றே, நீளம் வேறு. ஒன்று நோயாளரைக் காக்கிறது. ஒன்று விதையைத் தேர்கிறது. ஒன்று உயிரைக் கொல்கிறது. வேற்றுமையை அளந்தறிவதே அறிவியலின் கடன்; அளந்த பின்னரே பிறர்க்கு அளிப்பது மருந்து செய்வோரின் அறம்.