பிள்ளையார் பெயரில் ஒரு பழைய யானை

திருவண்ணாமலை அருணாசலேசுவரர் கோயிலுக்குள் யானை திறை கொண்ட விநாயகருக்கு ஒரு சன்னதி உண்டு. அங்கே தோப்புக்கரணம் போட்டுவிட்டு நகர்கிறவர்களில் பலருக்கு, பிள்ளையார் பெயரிலேயே ஓர் யானை இனம் இந்த நாட்டில் வாழ்ந்து அழிந்த கதை தெரிந்திருக்காது. 1830களில் இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் குன்றுகளில் ஹியூ ஃபால்கனர் என்ற மருத்துவரும் புரோபி காட்லி என்ற பொறியாளரும் கல்லாகிப்போன எலும்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தார்கள். பின்னாளில் கங்கைக் கால்வாயை வெட்டியவர் இதே காட்லிதான். அந்தச் சேகரிப்பில் இருந்த பிரமாண்ட யானை ஒன்றுக்கு அவர்கள் சூட்டிய பெயர் கணேசா. இன்றைய அறிவியல் நூல்களில் அது ஸ்டெகோடான் கணேசா.

அதன் தந்தங்கள் 3 மீட்டருக்கும் மேல் நீண்டவை. நீளத்தைவிட அவை முளைத்த விதம்தான் வியப்பு. இரண்டும் அவ்வளவு நெருங்கி நின்றதால் நடுவே தும்பிக்கையைத் தொங்கவிட இடமில்லை. வலப்பக்கமோ இடப்பக்கமோ ஒதுக்கித்தான் போட்டிருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். வலம்புரி, இடம்புரிப் பிள்ளையார்களைப் பார்த்தே வளர்ந்த நமக்கு அந்த உருவத்தை மனதில் கொண்டுவர ஒரு நொடி போதும்.

அண்ணாமலையில் இப்படி எலும்பு தேடிப் பயனில்லை. விலங்கினங்கள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே இறுகிய பாறை அது. ஆனால் கிழக்கே திருவக்கரைக்குப் போனால், சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மனைத் தரிசிக்க வருகிறவர்கள், அந்தக் கல்மரப் பூங்காவையும் ஒரு நடை பார்த்துவிட்டு வர வேண்டும். ஏறத்தாழ அந்தக் காலத்தில்தான் ஆப்பிரிக்க நிலம் ஆசியாவைத் தொட்டு, யானைக் குலம் இந்தப் பக்கம் நடந்து வந்தது.

அந்தக் குலத்தின் ஆதி இன்னும் பழையது. மொராக்கோவில் கிடைத்த எரித்தீரியம் 6 கோடி ஆண்டுகளுக்கு முந்தையது. எடை 5, 6 கிலோதான், தும்பிக்கை கிடையாது. எகிப்தின் ஃபாயூம் பகுதியில் கிடைத்த மோரித்தீரியம் பெரும்பாலும் நீரிலேயே கிடந்து செடிகொடிகளைத் தின்றது. இந்த நீர்த்தொடர்பு தற்செயல் அல்ல. யானையின் மிக நெருங்கிய உறவுகளில் ஒன்று நம் பாக் விரிகுடாவில் கடற்புல் மேய்ந்துகொண்டிருக்கிறது: கடல்பசு. ஆவுளியா என்றும் சொல்வார்கள். தாய் யானைக்கு மடி பின்னங்கால்களுக்கு நடுவே இல்லை, முன்னங்கால்களுக்கு நடுவே இருக்கிறது. ஆவுளியாவுக்கும் முன்துடுப்புகளின் அடியில்தான் முலை. ஆண் ஆவுளியாவுக்கு நீண்டு வளரும் வெட்டுப்பற்களும், யானைத் தந்தமும் ஒரே வகைப் பற்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் தமிழக அரசு கடல்பசுக் காப்பகமாக அறிவித்தது, இந்தப் பழைய சொந்தத்துக்குச் செய்த மரியாதை என்றே நினைக்கிறேன்.

யானை வரலாற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது கடைவாய்ப் பல். ஒரு பல்லே செங்கலைவிடப் பெரிது. அதன் மேற்பரப்பு கொத்திய அம்மிபோல வரிவரியாக இருக்கும். வாழ்நாளில் ஆறு தொகுதிப் பற்கள்; ஒவ்வொன்றாகப் பின்னாலிருந்து நகர்ந்து வந்து, தேய்ந்ததைத் தள்ளும். ஆறாவதும் தேய்ந்தால் மெல்ல வழியில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஏட்ரியன் லிஸ்டர் 2013-ல் காட்டியது இது: கிழக்கு ஆப்பிரிக்காவில் யானை முன்னோர்கள் சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே புல் மேயத் தொடங்கிவிட்டன, பல் அதற்கேற்ப உயர்ந்தது ஏறத்தாழ 30 லட்சம் ஆண்டுகள் கழித்துத்தான். முதலில் வாழ்க்கையை மாற்றிக்கொண்டார்கள், உடம்பு பின்னால் வந்தது.

இந்த வம்சத்தில் 160-க்கும் மேற்பட்ட இனங்கள் இருந்திருக்கின்றன. கீழ்த்தாடையிலிருந்து தந்தம் கீழ்நோக்கி வளைந்த டைனோத்தீரியம் குஜராத்தின் பீரம் தீவில் கிடைத்தது. காஷ்மீரின் பாம்பூரில் 2000-ல் கண்டெடுத்த ராட்சத யானையின் எலும்புகளோடு 87 கற்கருவிகளும் இருந்தன. அதன் காலம் 3 முதல் 4 லட்சம் ஆண்டுகள். நம் யானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட நெருங்கிய பங்காளியான மாமூத், சைபீரியாவுக்கு வடக்கே ரேங்கல் தீவில் 4,000 ஆண்டுகளுக்கு முன்வரை இருந்தது. இன்று மிச்சம் மூன்றே இனங்கள்.

அந்த மூன்றில் ஒன்றோடு திருவண்ணாமலைக்கு நேரடிக் கணக்கு உண்டு. 2013 ஆகஸ்டில் இந்த மாவட்டத்து வயல்களில் திரிந்த 6 காட்டு யானைகளை வனத்துறை மயக்க ஊசி போட்டு, கும்கிகளை வைத்துப் பிடித்து, முதுமலை, ஆனைமலை முகாம்களுக்குக் கொண்டுபோனது. பயிர் இழந்தவர்களின் வேதனை நியாயமானது. ஆனாலும் ஒரு கூட்டமே காட்டு வாழ்வை இழந்தது. 2018 மார்ச்சில் கோயில் யானை ருக்கு இறந்தபோது ஊரே திரண்டு அழுதது. அந்தக் கண்ணீரில் பொய் இல்லை.

ருக்குவின் இடத்துக்கு இன்னொரு யானை வேண்டும் என்று கேட்பவர்களின் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் பெண் யானை என்பது தாய், பாட்டி, சித்தி, தங்கை என்று கூட்டமாக நடந்தே வாழும் பிறவி. அதன் முன்னோர்கள் கண்டம் விட்டுக் கண்டம் நடந்தவர்கள். அதைத் தனியாகப் பிரித்து, எத்தனை அன்போடு கவளம் ஊட்டினாலும், சங்கிலியில் நிறுத்த நமக்கு உரிமையில்லை. திருவண்ணாமலைக்கு யானை வேண்டுமானால், ஓசூர்க் காட்டிலிருந்து ஜவ்வாது மலைவரை அது நடந்து வர வழி விடுவோம்.