பெட்டிக்குள் பளபளக்கும் 'ராஜா தலை' சவரன்: வாங்கும் முன் உஷார்!

சென்னை:

'இன்னைக்கு சவரன் என்ன விலை?' என்று கேட்காத வீடே தமிழ்நாட்டில் கிடையாது. ஆனால் சவரன் என்பது ஒரு நாணயத்தின் பெயர் என்பது பலருக்கு தெரியாது. இங்கிலாந்து அரசு வெளியிட்ட 'சாவரின்' என்ற தங்க காசுதான் நம்மூர் வாயில் சவரன் ஆனது. அதன் முக மதிப்பு ஒரு பவுண்டு என்பதால் 'பவுன்' என்ற பெயரும் ஒட்டிக்கொண்டது. நகைக்கடைக்காரர்கள் 8 கிராமை ஒரு சவரன் என்று கணக்கிடுவதும் இந்த காசை வைத்துத்தான். அசல் காசின் எடை 7.98 கிராம். 22 காரட் தங்கம்.

இந்த பழைய 'ராஜா தலை' காசுகள் இப்போது புது அவதாரம் எடுத்துள்ளன. கெட்டியான பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து, மேலே 'எம்.எஸ். 62', 'ஏ.யு. 58' என்று லேபிள் ஒட்டி, நாணய கண்காட்சிகளிலும் ஏலங்களிலும் இணையதளங்களிலும் விற்கிறார்கள். விலையோ தங்கத்தின் மதிப்பை விட பல மடங்கு கூட சொல்லப்படுகிறது.

அந்த கூடுதல் பணம் எதற்கு? திருப்பி விற்றால் கிடைக்குமா? இது தெரியாமல் சேமிப்பு பணத்தை கொண்டுபோய் கொட்டினால் கையை சுட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

பெட்டியில் இருக்கும் நம்பர் என்ன?

அமெரிக்காவில் உள்ள பி.சி.ஜி.எஸ்., என்.ஜி.சி. ஆகிய 2 நிறுவனங்கள்தான் இந்த தர மதிப்பீட்டு தொழிலில் பெரிய கைகள். 1980-களில் தொடங்கப்பட்டவை. இவை காசு விற்கும் கடைகள் அல்ல. யாராவது அனுப்பும் காசை பரிசோதித்து, அசல்தானா என்று பார்த்து, 1 முதல் 70 வரை மார்க் போட்டு, பெட்டியில் வைத்து சீல் செய்து திருப்பி அனுப்புவதுதான் இவற்றின் வேலை.

இந்த 70 மார்க் கணக்கை உருவாக்கியவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர். பழைய அமெரிக்க செப்பு காசுகளுக்காக 1940-களின் கடைசியில் அவர் போட்ட கணக்கு, இன்று உலகம் முழுக்க எல்லா நாட்டு காசுகளுக்கும் பயன்படுகிறது.

60 முதல் 70 வரை வாங்கினால் அது யார் கையிலும் புழங்காத காசு. அதற்கு அடையாளம்தான் 'எம்.எஸ்.' என்ற எழுத்து. 50 முதல் 58 வரை 'ஏ.யு.', அதாவது லேசாக புழங்கியது. அதற்கும் கீழே போனால் தேய்மானம் கண்ணுக்கே தெரியும்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 61-க்கும் 62-க்கும் உள்ள வித்தியாசம் சாதாரண ஆளுக்கு கண்ணில் படாது. ஆனால் மேலே போகப்போக ஒரே ஒரு மார்க் கூடினாலும் விலை தாவிக்குதிக்கும். காரணம், அந்த தரத்தில் கிடைக்கும் காசுகள் குறைவு.

1918-ல் நடந்தது என்ன?

நம் நாட்டில் இந்த காசை தேடுபவர்கள் முதலில் கேட்பது 1918-ம் ஆண்டு பம்பாய் சவரனைத்தான். முதல் உலகப்போர் நடந்த நேரம் அது. லண்டன் ராயல் மின்ட்டின் கிளை ஒன்று பம்பாயில் 1918-ல் திறக்கப்பட்டது. 5-ம் ஜார்ஜ் மன்னர் தலையுடன் சுமார் 13 லட்சம் சவரன்கள் அங்கே அடிக்கப்பட்டன. 1919-லேயே கிளையை மூடிவிட்டார்கள். எனவே வெள்ளைக்காரர் ஆட்சியில் இந்தியாவில் அடித்த சவரன் என்றால், அது 1918 என்று தேதி போட்ட இந்த ஒரே ரகம்தான்.

இதை கண்டுபிடிப்பது சுலபம். காசின் பின்பக்கம் குதிரையில் வரும் புனித ஜார்ஜ், டிராகனை வதம் செய்யும் படம் இருக்கும். குதிரைக்கு கீழே, ஆண்டு எண்ணுக்கு சற்று மேலே தரையில் 'ஐ' என்ற குட்டி ஆங்கில எழுத்து இருந்தால் பம்பாய். 'எஸ்' என்றால் சிட்னி, 'எம்' என்றால் மெல்போர்ன், 'பி' என்றால் பெர்த், 'சி' என்றால் கனடாவின் ஒட்டாவா.

லண்டனில் அடித்த காசில் எழுத்து இருக்காது. ஆனால் 1918 தேதி போட்டு லண்டனில் சவரன் அடிக்கவே இல்லை. ஆகவே, எழுத்தே இல்லாத 1918 சவரனை யாராவது நீட்டினால் அங்கேயே சுதாரித்துக்கொள்ள வேண்டும்.

அதே 1918-ல் பம்பாயில் 15 ரூபாய் தங்க காசும் வெளியானது. அப்போது ஒரு சவரனுக்கு 15 ரூபாய் மதிப்பு. எடையும் அளவும் சவரனைப் போலவே இருக்கும். ஆனால் குதிரை படம் இருக்காது, '15 ரூபாய், இந்தியா' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இது வேறு காசு, விலையும் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

தங்கம் எவ்வளவு, நம்பருக்கு எவ்வளவு?

வாங்குவதற்கு முன் ஒரு சின்ன கணக்கு போட வேண்டும். அன்றைய 22 காரட் ஒரு கிராம் விலையை 7.98-ஆல் பெருக்கினால், காசில் உள்ள தங்கத்தின் மதிப்பு வந்துவிடும்.

கணக்குக்காக ஒரு கிராம் 10 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காசின் தங்க மதிப்பு 79 ஆயிரத்து 800 ரூபாய். விற்பவர் 1 லட்சத்து 20 ஆயிரம் கேட்கிறார் என்றால், 40 ஆயிரத்து 200 ரூபாய் அந்த நம்பருக்கும் அரிதுக்கும் கொடுக்கும் விலை.

நாளைக்கே அவசரம் என்று நகைக்கடைக்கு எடுத்துப்போனால் என்ன ஆகும்? 'எம்.எஸ். எல்லாம் எங்களுக்கு தெரியாதுங்க, தங்கத்துக்குத்தான் ரேட்' என்று சொல்லிவிடுவார்கள். அந்த 40 ஆயிரம் திரும்பி வரவேண்டும் என்றால் இன்னொரு சேகரிப்பாளர் கிடைக்க வேண்டும். அதற்கு நாளாகும். ஏலத்தில் விட்டால் கமிஷனும் போகும்.

அதனால் மகள் கல்யாணத்துக்கு தங்கம் சேர்ப்பவர்களுக்கு இந்த பெட்டி காசு தேவையே இல்லை. சாதாரண காசு போதும். வரலாற்று ஆசையில், உடனே திரும்ப எடுக்க தேவையில்லாத பணத்தில் வாங்குபவர்களுக்கு மட்டுமே இது சரிப்படும்.

உரைகல்லையும் ஏமாற்றும் போலி

போலி சவரன் என்றால் பித்தளையில் முலாம் பூசியது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதுதான் தப்பு. 1950-களில் இத்தாலியிலும் லெபனானிலும் நிஜ தங்கத்திலேயே போலி சவரன்கள் அடிக்கப்பட்டன. ஆசாரியிடம் கொண்டுபோய் உரைகல்லில் உரசினால் தங்கம் என்றுதான் சொல்வார். அவர் சொல்வதும் உண்மைதான். ஆனால் அது அரசு அடித்த காசா என்பதை உரைகல் சொல்லாது. இந்த இடத்தில்தான் தர மதிப்பீட்டு நிறுவனத்தின் சீலுக்கு வேலை வருகிறது.

ஆனால் பெட்டியிலும் டூப்ளிகேட் வந்துவிட்டது. லேபிள், ஹோலோகிராம் என்று அச்சு அசலாக செய்கிறார்கள். பெட்டிக்குள் இருக்கும் காசை தராசில் வைத்து எடை பார்க்கவும் முடியாது.

லேபிளில் உள்ள சான்றிதழ் எண்ணை அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு பார்ப்பது முதல் வேலை. அதோடு நிறுத்தக்கூடாது. நிஜ காசின் எண்ணை காப்பியடித்து போலி பெட்டியில் ஒட்டியிருக்கலாம். இணையதளத்தில் காசின் படம் இருந்தால், அதில் தெரியும் கீறல், புள்ளிகள் கையில் உள்ள காசிலும் அதே இடத்தில் இருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்து பார்க்க வேண்டும்.

காசு மாலை காசுக்கு மார்க் கிடையாது

நம் வீடுகளில் பாட்டி காலத்து சவரன்கள் பெரும்பாலும் காசு மாலையிலோ, டாலராகவோதான் இருக்கும். கொக்கி பற்றவைத்த காசுக்கு, கொக்கியை எடுத்து தேய்த்து சரிசெய்தாலும் அந்த தடம் போகாது. புளி, சோப்பு பவுடர் போட்டு தேய்த்து பளபளப்பாக்கிய காசுக்கும் இதே கதிதான். நிறுவனங்கள் இவற்றுக்கு நம்பர் மார்க் தருவதில்லை. 'அசல், ஆனால் பழுது' என்ற அர்த்தத்தில் 'டீட்டெய்ல்ஸ்' என்று மட்டும் எழுதிவிடுவார்கள். விலை தடாலடியாக குறைந்துவிடும்.

எனவே வாங்கும்போது லேபிளில் 'டீட்டெய்ல்ஸ்' என்ற சொல் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். வீட்டில் கொக்கி போடாத காசு இருந்தால் அதை தேய்க்காமல் விடுவதே நல்லது. உருக்கக் கொடுப்பதற்கு முன் ஆண்டையும் எழுத்தையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.

100 வயசு ஆனால் வெளிநாடு போகாது

'நம்ம காசையே அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க் வாங்கிடலாமே' என்று சிலர் நினைக்கலாம். இங்கேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1972-ம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைப்பொக்கிஷ சட்டப்படி, 100 ஆண்டுகளுக்கு குறையாத பழமை கொண்ட நாணயமும் தொல்பொருள்தான். அதை தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை ஜெயிலும் அபராதமும் உண்டு. 1918 காசுக்கு 2018-லேயே 100 வயசு முடிந்துவிட்டது. கூரியரில் அனுப்பலாம் என்று யார் சொன்னாலும் நம்பக்கூடாது.

வாங்கும் முன் கவனிக்க:

* அன்றைய தங்க மதிப்பை கணக்கு போட்ட பிறகே பேரம் பேசவும்.

* ஆண்டு, எழுத்து இரண்டையும் லேபிளோடு ஒப்பிட்டு பார்க்கவும்.

* சான்றிதழ் எண்ணையும் படத்தையும் நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபார்க்கவும்.

* அதே தரத்தில் எத்தனை காசுகள் உள்ளன என்ற பட்டியலை இந்த நிறுவனங்கள் வெளியிடுகின்றன. ஆயிரக்கணக்கில் இருந்தால் 'அபூர்வம்' என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

* அதே காசு சமீபத்து ஏலங்களில் என்ன விலைக்கு போனது என்று பார்க்கவும். விற்பவர் சொல்லும் விலை வேறு, விற்ற விலை வேறு.

* காசின் விவரமும் சான்றிதழ் எண்ணும் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம்.

* பெட்டியை உடைக்கக் கூடாது. உடைத்தால் மார்க்கும் போய்விடும், நிறுவனத்தின் உத்தரவாதமும் போய்விடும்.

'பெட்டியை வாங்காதே, காசை வாங்கு' என்பது சேகரிப்பாளர்கள் மத்தியில் புழங்கும் பேச்சு. ஒரே 62 மார்க் வாங்கிய 2 காசுகளில் ஒன்றில் மன்னரின் கன்னத்திலேயே கீறல் இருக்கும், இன்னொன்றில் முகம் சுத்தமாக இருக்கும். லேபிள் இரண்டுக்கும் ஒன்றுதான். எதை எடுப்பது என்பதை வாங்குபவரின் கண்தான் முடிவு செய்ய வேண்டும்.