எண்ணூர்க் கழியும் அதன் சுதேசத் தாவரங்களும்

சென்னைக்கு வடக்கே இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் மார்க்கமாக எண்ணூருக்குப் பிரயாணம் செய்வோரின் கண்களில் ஆலைகளும், எண்ணெய்த் தொட்டிகளும், அனல் மின் நிலையங்களின் புகைபோக்கிகளுமே பெரும்பாலும் தென்படும். ஆயினும் இப்பிரதேசத்து ஊர்ப் பெயர்கள் வேறொரு சரித்திரத்தைக் கூறுகின்றன. தாழங்குப்பம் தாழையின் பெயரையும், அத்திப்பட்டு அத்தியின் பெயரையும் தாங்கி நிற்கின்றன. திருவொற்றியூர்த் தியாகராஜ சுவாமி ஆலயத்தின் தல விருட்சம் மகிழ மரமாகும். அங்கு மாசி உற்சவத்தில் நிகழும் மகிழடி சேவை இன்றும் பிரசித்தமானது. கடலோரத்திற்கென்றே இயற்கை அளித்த இத்தகைய மரஞ்செடிகளைக் காப்பதனாலும் வளர்ப்பதனாலும் விளையும் பலன்கள், கரையோரக் கிராமத்தார் யாவரும் அறிய வேண்டியவையாம்.

கழியின் அமைப்பு

கொசஸ்தலை ஆறு பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து வந்து எண்ணூரில் கடலோடு கலக்கிறது. பக்கிங்ஹாம் கால்வாய் இக்கழியை வடக்கிலுள்ள பழவேற்காட்டு ஏரியுடன் இணைக்கிறது. கடல்நீர் ஏறும்போது உவர்நீர் கழியினுள் புகுந்து, வற்றும்போது திரும்பச் செல்கிறது. வடகிழக்குப் பருவ மழையில் ஆற்று வெள்ளம் இங்கே பரந்து தங்கிப் பின்னர்க் கடலில் வடிகிறது. இவ்விரு நீரும் மாறி மாறி வந்து போகும் சேற்று நிலத்தில் நெல்லும் விளையாது, கேழ்வரகும் விளையாது. ஆகையால் இது வீண் நிலம் என்று கருதுவோர் பலர். அக்கருத்து பிழையானது. வெள்ளம் பரந்து நிற்க இடமிருந்தால்தான் அதற்கு மேற்கேயுள்ள வயல்களிலும் ஊர்களிலும் தேங்கிய ஜலம் விரைவில் வடியும். கழியைத் தூர்த்து மேடாக்கினால் அந்த வெள்ளம் பின்வாங்கி விளைநிலத்திலேயே நிற்கும்.

நிலத்திற்கும் கடலுக்கும் உள்ள சமநிலை குலைந்தால் நேரும் கஷ்டத்தை இப்பக்கத்து விவசாயிகள் முன்னரே அனுபவித்துள்ளனர். மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததன் பயனாகக் கடல்நீர் பூமிக்கடியில் பல மைல் உட்புகுந்தது. நல்ல தண்ணீர்க் கிணறுகள் பல உவர்ப்பாயின. ஒருமுறை உவர் ஏறிய நிலத்தைத் திருத்துவது எளிதன்று.

வெண்கண்டலின் தொழில்

எண்ணூர்க் கழியோரத்தில் முக்கியமாக வளர்வது வெண்கண்டல் என்னும் அலையாத்தி மரமாகும். இதன் வேர்கள் சேற்றினின்றும் விரல்களைப்போல் மேல்நோக்கி எழுந்து காற்றை உட்கொள்கின்றன. இலைகள் மிகுதியான உப்பை வெளியே கசியவிடுகின்றன; உலர்ந்த வேளையில் இலையைத் தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிப்பது புலனாகும். மரத்தினின்றும் உதிரும் இலைகள் சேற்றில் மட்கி, நண்டுகளுக்கும் இறால் குஞ்சுகளுக்கும் ஆகாரமாகின்றன. வெள்ளை இறால், சேற்று நண்டு, மடவை முதலியவை இளம் பருவத்தில் இவ்வேர்களினிடையே ஒதுங்கி வளர்கின்றன. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் முதலிய ஊர்களில் வாழும் மீனவக் குடும்பங்களின் ஜீவனம் இதனைச் சார்ந்ததே.

மரத்தை அடுத்து உமிரி முதலிய உவர்ச் செடிகள் படர்கின்றன. அவற்றுக்கும் அப்பால் உள்ள வெறுஞ் சேற்று வெளியிலே உள்ளான் வகைகள் இரை தேடுகின்றன. கூழைக்கடா, நீர்க்காகம், ஆலா, மீன்கொத்தி ஆகியவை கழிநீரில் மீன் பிடிக்கின்றன. பனிக்காலத்தில் வடதேசங்களினின்றும் வரும் பறவைகளைக் காண்பதற்கு விடியற்காலையில் சிறுவர்களை அழைத்துச் செல்வது, அவர்களுக்கு இன்பமும் அறிவும் ஒருங்கே தருவதாகும்.

நேர்ந்த சேதங்கள்

இக்கழி பல துன்பங்களுக்கு உள்ளாயிற்று. வடசென்னை அனல் மின் நிலையத்தின் சாம்பற் குழம்பைக் கொண்டு செல்லும் குழாய்கள் கசிந்ததனால், சாம்பல் கழியின் படுகையில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. 2022-ஆம் வருஷத்தில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு இவ்விஷயத்தில் தீர்ப்பு வழங்கியது. 2017-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டதால் எண்ணெய் கடலிற் பரவியது. 2023-ஆம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பகுதியினின்றும் எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய் வழியே கழியில் புகுந்தது. கூழைக்கடாக்களின் இறகுகளிலும், அலையாத்தியின் அடிமரங்களிலும், மீனவரின் வலைகளிலும் அது ஒட்டிக்கொண்டது. மூச்சு வேரை எண்ணெய் மூடினால் மரம் மூச்சு முட்டி வாடும் என்பதைக் கவனிக்கவேண்டும்.

இவையன்றி, அயல்நாட்டு உயிரினங்களாலும் தொல்லை உண்டாயிற்று. காக்கா ஆழி என்று மீனவர்கள் வழங்கும் அமெரிக்க மட்டி வகை படுகையை விரிப்பைப்போல் மூடி, இறால் ஒதுங்கும் இடத்தைப் பறித்துக்கொள்கிறது. கரை மேட்டிலே சீமைக் கருவேலம் சுதேசச் செடிகளை நெருக்கி அழிக்கிறது. இத்தகைய அயல் தாவரங்களை நீக்குவதற்கு மாநில அரசாங்கம் 2022-இல் ஒரு கொள்கையை வகுத்தது.

முதலில் நீர், பிறகு நாற்று

சேதமுற்ற கழியில் நாற்றுகளை ஆயிரக்கணக்கில் நடுவதனால் மட்டும் காடு உண்டாகிவிடாது. கடலூர் ஜில்லாவிலுள்ள பிச்சாவரத்தின் அனுபவம் இதற்குத் தக்க உதாரணமாகும். அங்கு மரங்கள் வெட்டப்பட்ட இடங்கள் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி வற்றி, உப்பு மிகுந்து எதுவும் முளைக்காமற் போயின. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வன இலாகாவும் 1990-க்குப் பிற்பட்ட வருஷங்களில் கிராமத்தாரின் துணையோடு ஒரு பெரிய வாய்க்காலையும், மீனின் முள்ளைப்போல் அதினின்று பிரியும் சிறு வாய்க்கால்களையும் வெட்டின. கடல்நீர் தடையின்றி வந்து போகவே உப்பு குறைந்தது. வாய்க்கால்களின் சரிவில் நட்ட செடிகள் பிழைத்தன. எண்ணூரிலும் சாம்பலை அகற்றி நீரோட்டத்தை மீட்பதே முதல் வேலை. நடவு இரண்டாவது வேலை.

வெண்கண்டலின் காய்கள் மழைக்காலத்தை ஒட்டி முதிர்ந்து விழும். பூச்சி துளைக்காத காய்களைப் பொறுக்கி ஒரு நாள் நீரில் ஊறவிட்டால் மேல்தோல் கழன்றுவிடும். பின்னர் வேர் முனை கீழாக இருக்கும்படி சேற்றில் இலேசாக ஊன்றவேண்டும். ஆழப் புதைத்தல் ஆகாது. கழியோர நிலங்கள் சட்டப் பாதுகாப்புக்கு உட்பட்டவை ஆதலால், வன இலாகாவின் அனுமதியும் ஆலோசனையும் பெற்றே இவ்வேலையைச் செய்தல் வேண்டும். பறவைகள் மேயும் வெறுஞ் சேற்று வெளியில் மரம் நடுதல் கூடாது. மரமில்லாத இடமெல்லாம் குறையுள்ள இடமன்று.

மணற்கரையும் வரப்பும்

மணற்கரையில் அடும்புக் கொடியும் இராவணன் மீசை என்னும் புல்லும் காற்றில் பறக்கும் மணலைப் பிடித்து மேடாக்குகின்றன. கணுவில் வேர்விட்ட தண்டுகளை மழைக்காலத்தில் ஊன்றினால் இவை எளிதில் படரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரையில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் இடங்களில் மரங்களை நெருக்கி நடாமல் திறந்த மணலாகவே விடவேண்டும்.

கரைக்கு உட்புறத்தில் தாழை, புன்னை, பூவரசு, பனை ஆகியவை உப்புக் காற்றைத் தாங்கி நின்று பின்னாலுள்ள பயிர்களைக் காக்கும். புன்னைக் கொட்டையின் ஓட்டை மெல்ல உடைத்து விதைத்தால் விரைந்து முளைக்கும். பனங்கொட்டையின் முளை நேரே கீழிறங்கி வளர்வதால், அதனை நிலைத்து நிற்க வேண்டிய இடத்திலேயே மழைக்கு முன் ஊன்றுதல் உத்தமம். வயலோரத்திலும் வாய்க்கால் கரையிலும் புங்கமரம் வைப்பவர்களுக்கு நெல் வயலுக்கு வேண்டிய தழை உரம் செலவின்றிக் கிடைக்கும். அதன் பூக்களில் தேனீக்களும் மொய்க்கும். வேலிக்குச் சீமைக் கருவேலத்தை விட்டு நொச்சியைப் பயிரிடலாம். ஆடு மாடுகள் அதனை மேய்வதில்லை. கருவேலத்தை வெட்டுவோர் அடிக்கட்டையை வேரோடு பறித்து, அவ்விடத்தில் உடனே சுதேச மரத்தை வைக்கவேண்டும். இல்லையேல் அது மீண்டும் தழைத்துவிடும்.

கிராம அதிகாரிகளின் கடமை

நிலம் அழிவது பெரும்பாலும் பதிவேட்டிலேயே தொடங்குகிறது. கழியும் சேற்று வெளியும் புறம்போக்கு என்றும் தரிசு என்றும் எழுதப்பட்டிருப்பதால், அவற்றைத் தூர்ப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை என்ற எண்ணம் உண்டாகிறது. வெள்ளம் வடியும் வழி, இறால் வளரும் இடம், பறவைகள் தங்கும் வெளி, அலையாத்தி நிற்கும் கரை ஆகியவற்றைக் கிராம நிர்வாக அலுவலர்கள் மீனவரையும் விவசாயிகளையும் உடன் வைத்துக்கொண்டு நேரில் பார்வையிட்டு, வரைபடத்தோடு ஒப்பிட்டு, மாறுதல் கண்டவிடத்து வருஷந்தோறும் மேலதிகாரிகளுக்கு எழுதித் தெரிவித்தல் நலம். கிராம சபைக் கூட்டத்திலும் அவ்விவரத்தைப் படிக்கலாம். மண்ணும் சாம்பலும் கொட்டப்பட்ட முதல் நாளிலேயே செய்யும் முறையீடு, பத்து வருஷத்திற்குப் பின் பெறும் தீர்ப்பைவிடப் பயன் மிகுந்ததாகும்.

நிலச் சொந்தக்காரர்கள் தத்தம் வரப்புகளில் பத்துப் புங்கங் கன்றுகளையும் இருபது பனங்கொட்டைகளையும் வரும் மழைக்காலத்திற்குள் வைத்து இம்முயற்சியைத் தொடங்குவார்களாக.